பேர் சொல்லாமல் கூப்பிட்டவன்

ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டை மட்டும் ஈரமாக இருந்தது.

தாமோதரன் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழவேற்காட்டில் ஏரியைப் பார்த்தபடி நிற்கிற பழைய வீடு, ஐப்பசி மாதத்து ஈரக்காற்று, சுவரெல்லாம் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வீட்டில் எது ஈரமானால்தான் என்ன? தீப்பெட்டி நமுத்துப்போகிறது, தலையணை நமுத்துப்போகிறது, காலையில் வாங்கின பிஸ்கட் சாயங்காலம் வாயில் ரப்பராக இழுபடுகிறது. ஆனால் ஆர்மோனியத்தை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மெட்ராஸ் போனவன் அவன்தான். இப்போது திரும்பி வந்து தன் கையாலேயே பூட்டைத் திறந்தபோது மற்ற கட்டைகள் எல்லாம் காய்ந்து, லேசாகத் தூசு படிந்து கிடந்தன. அந்த ஒரு வெள்ளைக் கட்டையின் மேல் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

அவன் வழக்கமாக வாசிக்கிற சுருதிக்கு அதுதான் மேல் ஸட்ஜம். ஒரு மெட்டு ஏறி ஏறிப் போய், உட்கார்ந்து மூச்சு விடுகிற இடம்.

துண்டை எடுத்துத் துடைத்தான். வெளியே வந்து, வீட்டைப் பார்த்துக்கொள்கிற பஷீரைக் கூப்பிட்டான். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிற பெரியவர். வீட்டுக்காரர்கள் மெட்ராஸுக்குக் குடிபோன பிறகு வீட்டைப் பெருக்கி மெழுகி வைப்பது அவர்தான்.

"பாய், நான் இல்லாதப்ப யாராவது உள்ள வந்தாங்களா?"

"யாரு தம்பி வருவா? முன்கதவு சாவி உங்ககிட்டதான இருக்குது? ஏரிப்பக்கத்துக் கதவுதான் காத்துல தொறந்துகிச்சு போல. படியெல்லாம் தண்ணி. நான்தான் தொடச்சி வுட்டேன்."

"மழையா?"

பஷீர் வானத்தைப் பார்த்தார். "மழ எங்க பெஞ்சுது?"

கோடம்பாக்கத்தில் தாமோதரனுக்கு 'ஃபினிஷிங் தாமு' என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; அதற்குள் இருக்கிற வயிற்றெரிச்சல் அவனுக்குத்தான் தெரியும். எழுபத்திரண்டில் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு பெரிய இசையமைப்பாளரிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். மாஸ்டர் வெற்றிலையை மென்றுகொண்டே பல்லவியில் பாதி அடியை முனகுவார். "மீதியப் பாத்துக்கடா தாமு" என்று காரில் ஏறிப் போய்விடுவார். மீதியைத் தாமு பார்த்துக்கொள்வான். அந்தரத்தில் தொங்குகிற மெட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கியில் போடுகிற எத்தனையோ பாட்டுகளின் கடைசி அடி அவனுடையது. இசைத்தட்டில் மாஸ்டர் பெயர் சுழலும். தாமு எல்லோருக்கும் டீ சொல்லப் போயிருப்பான்.

சொந்தமாக இரண்டு படம் பண்ணினான். ஒன்று பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. மற்றது வெளியே வந்து, அடுத்த வெள்ளிக்கிழமையைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது. அப்புறம் பல்பொடி விளம்பரம், சபா நாடகம், கோயில் திருவிழாக் கச்சேரிக்குப் பின்பாட்டு. இனி அவ்வளவுதான் என்று அவனே முடிவு கட்டிவிட்ட எண்பத்தாறில்தான் செசிலியா கூப்பிட்டு அனுப்பினாள். மீனவர்களைப் பற்றி டி.வி.க்குப் பதின்மூன்று வாரத் தொடர் எடுக்கிறவள்.

"உங்க பேர் மட்டும் தனியா ஒரு கார்டு போடறேன் தாமோதரன். ஆனா டைட்டில் மியூசிக் கேட்டா ஊரே திரும்பிப் பாக்கணும்."

தனியாக ஒரு கார்டு! அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால் கறுப்புத் திரையில் தன் பெயர் வெள்ளையாக எழும்பி நின்றது.

மெட்டு தேடித்தான் பழவேற்காட்டுக்கு வந்து இந்த வீட்டைப் பிடித்தான். வந்த புதிதில் ஒரு சாயங்காலம் பஷீரைக் கூட்டிக்கொண்டு, டேப் ரிகார்டரை மடியில் வைத்துக்கொண்டு, படகில் ஏரியைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனான். கடல் ஓரத்தில் பெண்கள் வரிசையாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திருவேங்கடம் என்கிற மீனவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியிருந்தது. உடம்பு கிடைக்காதவர்களை அந்தக் குப்பத்தில் அடுத்த அமாவாசை வரைக்கும் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "திரு... வே... ங்கடம்..." என்று அந்தப் பேர் அலைச் சத்தத்துக்கு மேலே படிப்படியாக ஏறியது. ஏறி, ஸட்ஜத்துக்கு ஒரே ஒரு படி கீழே போய் நின்றது. அவ்வளவுதான். பெண்கள் வாயை மூடிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, திரும்பிப் பார்க்காமல் குடிசைகளுக்கு நடந்தார்கள். தாமோதரனுக்குத் தும்மல் வந்து வராமல் நின்றுபோன மாதிரி இருந்தது.

வரிசையின் ஓரத்தில் ஓர் இளம்பெண் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை. "அதான் பொண்டாட்டி. லோகநாயகி" என்றார் பஷீர். "புருஷன் பேரச் சொல்லக் கூடாதே. அதான் மத்தவங்க கூப்புடறாங்க."

கூப்பிடுகிறவர்களுக்கு முன்னால் நின்றவள் எல்லம்மா. கட்டையான உடம்பு, கண்ணாடி வளையல், எதிரே நிற்கிறவரை அளந்து பார்க்கிற கண்.

"ஏம்மா, மேல இன்னும் ஒரு அடி இருக்கணுமே?"

"கீது."

"அதப் பாடலியே?"

"பாட மாட்டோம் சார். முடிச்சா வந்துடுவான்."

"வந்தா நல்லதுதானே?"

எல்லம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கடல்ல இத்தினி நாள் கெடந்தவன் எப்டி சார் வருவான்? நீங்களே சொல்லுங்க."

"அப்பறம் எதுக்குத்தான் கூப்பிடறீங்க?"

"கூப்டலைனா மறந்துட்டாங்கனு நெனச்சிக்குவான். கோவத்துல மத்தவன் படகப் புடிச்சி இழுப்பான். நாங்க நெனச்சிகினுதான் கீறோம்னு அவனுக்குத் தெரியணும். ஆனா வந்துடவும் கூடாது." அவள் கையை நீட்டினாள். "பாட்ட எடுத்துகினு போங்க. எங்க பாட்டு டி.வி.ல வந்தா எங்களுக்கும் சந்தோசம்தான். முடிக்க மாட்டேனு கையில அடிச்சிச் சொல்லுங்க."

அடித்துச் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். ஆனால் முடிக்காமல் விடுவது எப்படி என்று அவன் எங்கே கற்றான்? மறுநாள் சாயங்காலம் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தபோது விரல் தானாக அந்தப் படியைத் தாண்டி ஏறிவிட்டது. ஏறி ஸட்ஜத்தில் உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முடிப்பு அவனுக்கே அமைந்ததில்லை. பேர் ஒன்றுதான் இடித்தது. டைட்டிலில் போய் யாரோ ஒருவனைத் திருவேங்கடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியுமா? சினிமாக்காரனுக்கு வார்த்தை என்பது அப்புறம் வந்து உட்காருகிற சாமான். பேரைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் 'ஆ...' என்று பாடி வைத்தான்.

மெட்ராஸில் வயலின்கள், புல்லாங்குழல், கோரஸ் பெண்கள் என்று அதை ஒலிப்பதிவு செய்தபோது எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற வயலின்காரர்கள்கூட வில்லை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். செசிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒலிநாடா ஸ்பூல் கைமாறியது. வியாழக்கிழமை சாயங்காலம் முதல் ஒளிபரப்பு. மீதி வாரங்களுக்கான பின்னணி இசையை அமைக்கலாம் என்று அவன் உற்சாகமாகப் பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தான். கட்டை ஈரமாக இருந்தது.

அன்று பொழுது சாய்கையில் ஏரிப்பக்கத்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வேறு ஏதோ ஒரு காட்சிக்காக வாசித்துக்கொண்டிருந்தான். ஏரி அசையாமல் கிடந்தது. தூரத்தில் யாரோ படகின் பலகையைத் தட்டி மீனை வலைக்குள் விரட்டுகிற சத்தம் வந்து, அதுவும் ஓய்ந்தது. எப்போதும் படியில் மீன் தலைக்குச் சண்டை போடுகிற பூனைகளைக் காணவில்லை. கதவு இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. கருவாடு இல்லை, சேறு இல்லை. பழைய கயிறும், துருவும், அதற்கு அடியில் லேசாகத் தித்திக்கிற ஏதோ ஒன்றும். வாசிப்பதை நிறுத்திக் கையை எடுத்தான்.

ஸட்ஜம் நிற்கவில்லை.

மிகச் சன்னமாக, கதவுக்கு அந்தப் பக்கம், தண்ணீரை ஒட்டி யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி. சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது, தொண்டையில் தண்ணீர் நிற்பதைப் போல. தாமோதரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பழக்க தோஷம், பயந்தாலும் அந்தக் காது வேலை செய்யாமல் இருக்காது. ஒரு குரல் என்று நினைத்தது தப்பு. ஆரம்பத்தில் ஒருவர் கொஞ்சம் முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார், நடுவில் கனமாக ஒரு குரல் எல்லோரையும் தாங்கிக்கொள்கிறது. எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறான். தெரியாதா?

அது கோரஸ்.

அவன் முன்வாசல் வழியாக ஓடிப்போய் பஷீரின் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். விடிந்து திரும்பியபோது ஏரிப் படியில் ஈரக் கால்தடங்கள் இருந்தன. எல்லாம் மேலே ஏறி வந்திருந்தன. ஒன்றுகூட இறங்கிப் போகவில்லை.

புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே இருட்டிவிட்டது. முன்கதவை யாரோ தட்டினார்கள். லோகநாயகி. முந்தானையால் தலையை மூடியிருந்தாள். கால் முழங்கால் வரை சேறு.

"நீங்க முடிச்சி வாசிச்சிட்டீங்களாமே சார்."

"யார் சொன்னா?"

"ஏரில கையால எறா தடவிப் புடிக்க வந்த பொம்பளைங்க கேட்டிருக்காங்க. எல்லம்மாக்காவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா உங்கள உண்டு இல்லைனு பண்ணிடும்." அவள் உள்ளே வந்து, கேட்காமலே கூடத்தில் உட்கார்ந்தாள். "அத ஒரு தபா வாசிங்க."

"வேணாம்மா. நீ போ."

"மொகத்த மட்டும் பாத்துட்டு அனுப்பிடறேன் சார். எப்டி இருந்தாலும் பரவால்ல. கல்யாணம் கட்டி ஒரு வருசம் ஆவல. அவர் பேர நான் ஒரு நாளும் வாயால சொன்னதில்ல. அவங்கல்லாம் கரையில நின்னு கூப்புடறாங்க, நான் மட்டும் ஊமையாட்டம் நிக்கறேன். யாரோ கூப்டறாங்கனுதான நெனச்சிகினு இருப்பாரு? நான் கூப்டலியேனு நெனைக்க மாட்டாரா?" மூக்கை உறிஞ்சினாள். "உங்க பாட்டுல பேரே இல்லியாமே. அப்ப நானும் கூப்டலாம் இல்ல?"

மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் மெட்டை யாரும் இப்படித் தாகத்தோடு கேட்டதே இல்லை. இன்னொன்றும் இருந்தது: வாசித்து, ஒன்றும் நடக்காமல் போனால், நேற்றுக் கேட்டதும் பொய் என்று ஆகிவிடும், நாளைக்கு நிம்மதியாகத் தன் பெயரைப் பார்க்கலாம். அந்த நிம்மதிக்காகவே அவன் பெட்டியைத் திறந்தான்.

ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் எழுந்து போய் ஏரிப்பக்கத்துக் கதவின் தாழை எடுத்துவிட்டு வந்து, அவனுக்கு எதிரே, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். துருத்தியை அமுக்கினான். அவள் வாயைத் திறந்தாள். அவ்வளவு நாள் திறக்காத வாய் அது. குரல் கரகரத்து, உடைந்து, ஒவ்வொரு படியாக ஏறியது. எல்லோரும் நிற்கிற இடத்தில் அவள் நிற்கவில்லை. அவனும் நிற்கவில்லை.

ஸட்ஜம்.

கரண்ட் போனது.

தவளைகள் ஒரேயடியாக நின்றன. பிறகு தண்ணீர் விலகுகிற சத்தம். மெதுவாக. இடுப்பளவுத் தண்ணீரில் ஆள் நடந்து வருகிற சத்தம். படியில் ஏறுகிற சத்தம். சொத். சொத். அந்தத் தித்திப்பு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. தாமோதரனின் விரல்கள் கட்டைகளின் மேலேயே இருந்தன. எடுக்கப் பயமாக இருந்தது.

இருட்டில் லோகநாயகி மூச்சைப் பிடித்தாள்.

"இவரு இல்ல" என்றாள்.

சொத். சொத்.

"இவரும் இல்ல."

"லோகநாயகி, யாரும்மா..."

"திரும்பாதீங்க சார்."

சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீர் விழுந்தது. ஓர் இடத்தில் இல்லை. பல இடத்தில்.

"இவரும் இல்ல. இது யாரு? இது வயசானவரு... இவரும் இல்ல... சார், இன்னா சார் இவ்ளோ பேரு வராங்க?"

அப்போதுதான் தாமோதரனுக்குப் புரிந்தது. எல்லம்மா ஒருவனைக் கூப்பிட்டாள். அவன் பேரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூப்பிட்டான். பேர் இல்லாமல் கூப்பிட்டால் யார்தான் வரமாட்டார்கள்?

கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது. லோகநாயகியின் கண் அவன் தோளுக்குப் பின்னால் நிலைகுத்தியிருந்து, மெல்லத் தாழ்ந்தது. திரும்பிப் பார்த்தான். கூடத்தில் பாதி வரை தரை நனைந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை.

"போயிட்டாங்களா?"

"போவல சார். வெளிச்சம் வந்ததும் எறங்கித் தண்ணில நிக்கறாங்க. மறுபடி கூப்டுவோம்னு." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "இத வேற எங்கனா வாசிச்சீங்களா?"

"நாளைக்கு... டி.வி.ல."

அவள் கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தான். அவள் உட்கார்ந்து யோசித்தாள்.

"ஒரு பொட்டிய வாசிச்சதுக்கே இவ்ளோ பேரு. டி.வி.ல போட்டா எல்லாரும் வந்துடுவாங்க இல்ல சார்? அவரும் வருவாரு."

அவள் முகத்தில் பயமே இல்லை. அதுதான் அவனை நடுங்க வைத்தது.

வியாழக்கிழமை காலையில் தபால் ஆபீஸ் திறக்கும்போதே அவன் வாசலில் நின்றான். செசிலியாவுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தான். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்: அந்தக் கடைசி அடியை மட்டும் வெட்டிவிடுங்கள் மேடம். அது இல்லாவிட்டாலும் நன்றாக இருக்கும். ஏன் என்று கேட்காதீர்கள்.

லைன் கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் குதித்து வந்தது. "தாமோதரன்! நானே உங்களுக்குத் தந்தி குடுக்கலாம்னு இருந்தேன். கார்டு போட்டுப் பாத்தாச்சு. மத்த பேரெல்லாம் ஓடி முடிஞ்சதும், அந்தக் கடைசி அடி ஏறுது பாருங்க, சரியா அங்க உங்க பேர் வருது. கறுப்புல வெள்ளை எழுத்து. பாத்தவங்கல்லாம் அசந்துட்டாங்க. சொல்லுங்க, எதுக்கு கூப்பிட்டீங்க?"

தாமோதரன் வாயைத் திறந்தான். கறுப்பில் வெள்ளை எழுத்து. கடைசி அடியை வெட்டினால் கார்டும் போகும்.

"ஒன்னும் இல்ல மேடம். நல்லா வந்திருக்கானு கேக்கத்தான்."

ரிசீவரை வைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். ஆனால் வெளியே இறங்கி நடந்தபோது, வெட்கக்கேடு, கால் இலேசாகத்தான் இருந்தது.

பொன்னேரிக்கு பஸ் ஏறிவிடலாம் என்றும் நினைத்தான். பஷீர் விடவில்லை. "எங்க தம்பி கெளம்பறீங்க? குப்பமே இன்னிக்குப் படகுல வருது. எல்லம்மா காலைலயே ஆள் அனுப்பிச்சி, 'சாருக்கு முன்னாடி எடம் போட்டு வைங்க'னு சொல்லிச்சு." அதைக் கேட்டதும் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. டி.வி.க்குப் பக்கத்திலேயே உட்காருவான். கடைசி அடிக்கு முன்னால் எழுந்து பட்டனைத் திருகிவிடுவான். மற்ற ஊரில் என்ன ஆனாலும் ஆகட்டும், இங்கே மட்டுமாவது அந்த ஸட்ஜம் ஒலிக்காது.

பஞ்சாயத்து டி.வி. ஏரிக்கரையில், உயரமான மர அலமாரிக்குள் இருந்தது. அதைப் பார்த்து எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், ஏரிக்கு முதுகைக் காட்டி. ஊர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம், குப்பத்துப் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் பின்னால். எல்லம்மா புதுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "இன்னா சார், மொகமே செரியில்ல? கல்யாணப் பையனாட்டம் இருக்கத் தேவல?" என்று கேலி பண்ணினாள். அவன் சிரிக்கப் பார்த்தான். முன்வரிசையில் லோகநாயகி உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். மஞ்சள் பூசியிருந்தாள்.

திரையில் கடல் வந்தது. மெட்டு ஆரம்பித்தது.

"நம்ம பாட்டு!" என்று பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஒரு படி ஏறியது. இன்னொரு படி. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. தாமோதரன் கையைத் தரையில் ஊன்றினான். இப்போது எழ வேண்டும். வயலின்கள் சேர்ந்தன. இப்போது. பெண்கள் எப்போதும் நிற்கிற படி வந்தது. எல்லம்மா திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

எழவேண்டும். பெயரை மட்டும் பார்த்துவிட்டு.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்து எழும்பியது. இசை: தாமோதரன்.

மெட்டு ஏறி ஸட்ஜத்தில் உட்கார்ந்தது.

எல்லம்மாவின் தலை அவன் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. "பாவி" என்றாள், சத்தம் இல்லாமல். குழந்தைகளை இழுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டு, "திரும்பாதீங்க, ஒருத்தரும் திரும்பாதீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள்.

ஏரியில் தண்ணீர் விலகியது.

தாமோதரன் திரும்பவில்லை. திரும்பத் தேவையே இல்லை. கறுப்புத் திரையின் கண்ணாடியில், தெருவிளக்கு வெளிச்சத்தில், அவன் பெயருக்குப் பின்னால் எல்லாம் தெரிந்தது. உட்கார்ந்திருக்கிறவர்களின் தலைகள். அவர்களுக்குப் பின்னால் ஆண்களின் தலைகள். அவர்களுக்கும் பின்னால் நிற்கிறவர்கள். ஒரு வரிசை. அதற்குப் பின்னால் ஒரு வரிசை. தண்ணீர் வரைக்கும். தண்ணீருக்குள்ளும்.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து திரும்பி நின்றாள். லோகநாயகி. கூட்டத்தில் சொந்தக்காரரைத் தேடுகிற மாதிரி, எட்டி எட்டி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். உதடு அசைந்தது. இல்ல. இல்ல. இவரும் இல்ல.

பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"திருவேங்கடம்" என்றாள்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, தாமோதரனைத் தாண்டி, பின்னால் நடந்தாள். கண்ணாடியில் அந்த வரிசைகள் விலகி அவளுக்கு வழி விட்டன. மூடிக்கொண்டன. அதற்குப் பிறகு அவள் எங்கே என்று தெரியவில்லை. நிற்கிறவர்கள் யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. டி.வி.யைப் பார்க்கவும் இல்லை. அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. கூப்பிட்டவன் பக்கம்.

அவன் பெயர் திரையில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

மணல் நனைந்தது. அந்த வாசனை பக்கத்தில் வந்து நின்றது. படம் ஆரம்பித்த பிறகு வந்தவர்கள் தொடுவார்களே, கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லி, அப்படி அவன் தோளை ஒரு கை மெல்லத் தொட்டது.

தாமோதரன் நகர்ந்து இடம் விட்டான்.